ஸ்டார்ட் இல்லாதது

பல்லடத்தில் நாலேகாலுக்கு பஸ்.
உக்கடத்தில் இறங்கும்போது
பாலத்துக்கு அடியில் இன்னும் இருட்டு;
தார்ப்பாய்களின் மேல் செல்போன் வெளிச்சங்கள்
குனிந்து குனிந்து நடக்கின்றன.
குளத்துக் காற்றில் கருவாடும் கிரீஸும்.

மிக்ஸி ஜார் மூடிகள், மீட்டர் பெட்டி,
ஒற்றைச் செருப்பு, பம்புசெட் பேரிங்,
யாரோ எட்டாம் வகுப்பில் வாங்கிய கேடயம்.
இதற்குள் எங்கோ ஒரு வயர்
வால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.
அதைப் பிடித்து இழுக்கக் கூடாது.
முதலில் அயர்ன் பாக்ஸைப் பார்க்க வேண்டும்,
அடியைத் தட்ட வேண்டும், விலை கேட்க வேண்டும்,
உதட்டைப் பிதுக்க வேண்டும்.
அப்புறம், போகிற போக்கில்,
“இதென்னுங்க, வேலை செய்யுமா?”

சிக்கந்தருக்கு இதெல்லாம் தெரியும்.
“அயர்ன் பாக்ஸ எறக்கி வெச்சுட்டு
வேணுங்கறதக் கேளுங்கம்மணி” என்பார்.

கவுந்தப்பாடிக்காரர் எனக்கு முன்னாலேயே வந்திருப்பார்.
நெற்றியில் டார்ச், சட்டைப் பையில் பூதக்கண்ணாடி.
அட்டைப்பெட்டியோடு இருந்தால்தான் தொடுவார்;
திருகாணியில் துரு என்றால் நகர்ந்துவிடுவார்.
தொண்ணூற்றொன்பதாயிரம் ஆட்டம் என்று ஒட்டிய
மஞ்சள் கேசட்டைப் போன வாரம்
ஆயிரத்து இருநூறுக்குத் தூக்கினார்.
உள்ளே இருப்பது ஏழு.
மிச்சமெல்லாம் அதே ஏழு, வேறு பேரில்,
கொஞ்சம் வேகமாக, அல்லது ராத்திரியில்.
அவருக்கும் தெரியும்.
ஸ்டிக்கர் கிழியலை பாருங்க என்கிறார்.

நான் இரண்டாவது ஜாய்ஸ்டிக் மட்டும் வாங்குகிறேன்.
பொள்ளாச்சியில் ஒரு இரும்புக் கடையில்
தராசில் போட்டுக் கொடுத்தார்கள், நூற்றெண்பது கிராம்.
கோபியில் ஒன்றுக்கு வயரை எலி தின்றிருந்தது.
முதலாவதில் எல்லாப் பட்டனும் இருக்கும்.
இரண்டாவதில் ஸ்டார்ட் இருக்காது.
முதலாவதைப் பிடித்தவன்
தண்ணி குடித்து, சண்டை போட்டு,
மனசு வந்தால் ஆரம்பிப்பான்.
எங்கள் வீட்டில் அவன் பேர் ஜெகதீசன்.
இப்போது பெருந்துறையில் டைல்ஸ் கடை.
கேட்டால், “நீ எங்க வெளையாடுன,
பாத்துட்டுத்தான இருந்த” என்கிறான்.

இன்றைக்கு ஜோடியாகக் கிடந்தன,
ரெண்டும் ஒரே ரப்பர் பேண்டில்.
“சோடியப் பிரிக்கறதில்லீங். இருநூறு.”
நூற்றைம்பதில் முடிந்தது.
முதலாவதைக் குவியலிலேயே வைத்தேன்.
“நல்லத உட்டுப்போட்டு நொள்ளையத் தூக்கறீங்களே!”
அதை இன்னொருத்தருக்கு விற்கலாம் என்பது
அதற்குள் அவர் கண்ணில் வந்துவிட்டது.

டீக்கடை வெளிச்சத்தில்தான் பார்த்தேன்.
நடுவில், பட்டன் இல்லாத வெறும் இடத்தில்
சிவப்பு நகப்பாலிஷில் ஒரு பொட்டு.
பக்கத்தில் காம்பஸ் முனையால் கீறியிருக்கிறது:
ஸ்டாட்.
‘ர்’ விட்டுப்போயிருக்கிறது.
பொட்டின் நடுவே பாலிஷ் இல்லை.
கட்டைவிரல் அகலத்துக்குத் தேய்ந்து
அடிப் பிளாஸ்டிக் குழிந்து பளபளக்கிறது.

எத்தனை தடவை.

மதியம் சோறாக்குவதற்கு முன்னால்
பழைய டிவியில் மாட்டினேன்.
தலைப்பு மின்னியது. மின்னிக்கொண்டே இருந்தது.
சிவப்புப் பொட்டில் விரலை வைத்தேன்.
என் விரலுக்குக் குழி கொஞ்சம் சின்னது.

யாரும் ஆரம்பிக்காவிட்டால் அரை நிமிடத்தில்
ஆட்டம் தானாகவே ஆடிக் காட்டும்.
டாங்கி கிளம்பும், செங்கல்லைச் சுடும்,
ஒரு தடவை செத்து மறுபடி வரும்,
தண்ணீர் ஓரமாகப் போய்
மூன்றாவது சுவரில் இடது பக்கம் திரும்பும்.

ஒரு இமைப்பு முன்னால்
இடதை அழுத்தினேன்.
திரும்பியது.