பாணுக்குச் சீட்டு வேண்டாம்

கொக்குவில் சந்தியில் சலூனுக்கு மேல்மாடி.
பதினொரு பேர், ஒரு மின்விசிறி, ஒரு மடிக்கணினி.
குருநாகலிலிருந்து திரையில் வரும் மிஸ்
சிங்களத்தில் தொடங்கி
இங்கிலீசில் மன்னிப்புக் கேட்டு
யப்பானில் முடிக்கிறா.

இன்றைக்கு வீட்டுச் சாமான்கள்.
கதவு தோஆ. ரீவி தெரெபி.
துவாய் தாஓரு. கத்தி நைஃபு.
எல்லாம் இங்கிலீசுதான்,
பாதிக்கு வாலில் ஒரு உ.

ஏழாம் வகுப்பில் "பஸ்சு" என்று வாசித்ததற்கு
சறோஜினி ரீச்சர் உச்சியில் குட்டினா:
"வாலை வெட்டு பிள்ளை."
வெட்டிப்போட்ட அதே வாலை
நாற்பதாயிரம் ரூபா கட்டித்
திரும்ப ஒட்டுகிறேன்.
"பஸு" என்றேன்.
மிஸ் கைதட்டினா.

பக்கத்தில் குருநகர் ஜெனிற்றா
சிரிப்பை அடக்கக் கொப்பியைக் கடிக்கிறாள்.
அவளுக்கு லகரம்தான் கவலை.
அங்கே ல இல்லை, எல்லாம் ர.
"அப்ப என்ர மெலானியை
மெரானி எண்டோ கூப்பிடுவினம்?"
பிறகு அவளே சொன்னாள்:
"ஆர் கூப்பிடுறது, அவள் இஞ்சதானே."
மின்விசிறி ஒருமுறை சுற்றி முடித்தது.

வீட்டில் சீட்டு எழுதி ஒட்டினேன்.
கோழி சேற்றில் நடந்த மாதிரிக் கத்தகானா,
அயன்பெட்டியில், வாளியில், கட்டில் சட்டத்தில்.
படலைக்கு ஒட்டவில்லை, மழை.
வேலையால் வந்த கிருபன்
"என்ன, விலை போட்டிருக்கிறாய்? விக்கப்போறியோ?" என்றார்.
இல்லை, தோடு மட்டும்தான்,
அதுவும் அடைவு.

ஏழரைக்குப் பாண்காரனின் ஓட்டோ
அந்த ஒரே மெட்டோடு ஒழுங்கைக்குள் வந்தது.
ஒரு றாத்தல் வாங்கி மேசையில் வைத்து
புத்தகத்தில் தேடினேன்.
பாண்: பான்.
இது இங்கிலீசு இல்லையாம்.
போர்த்துக்கீசன் அங்கேயும் இறக்கிவிட்டுப் போனானாம்,
அதே கப்பலோ வேறு கப்பலோ.
பொத்தானும் அப்படித்தான், பொதான்.
அங்கே யாரோ ஒரு கிழவரின் சட்டையில்
காலையில் நான் பூட்டி
இரவில் அவிழ்க்கப்போகிற பொத்தான்.

எட்டாம் பாடம் புரட்டினேன்.
எங்கே நோகுது என்று கேட்க வேண்டும்,
நோகுது என்றால் விளங்க வேண்டும்.
அதற்கு மட்டும் அவர்கள்
எவரிடமும் கடன் வாங்கவில்லை.
இத்தாய்.
எழுதினேன். பசை பூசினேன்.
கிருபன் பாணைப் பிய்த்துச் சம்பலில் தொடுகிறார்.
சீட்டு என் பெருவிரலில்
ஒட்டிக்கொண்டு நிற்கிறது.