எட்டு நாற்காலிகளுக்கு ஓர் உணரி

பத்து இருபதுக்கு விளக்கு அணைகிறது.
செந்தூல் கடைவீட்டு மாடி, டயாலிசிஸ் அறை.
கூரை மூலையில் இருக்கும் வெள்ளை மொட்டு
நகரும் சூட்டை மட்டும்தான் ஆள் என்று எண்ணும்.
எட்டுப் பேர் இருக்கிறோம்.
எங்களில் நகர்வது ரத்தம் ஒன்றுதான்,
அதுவும் உடம்புக்கு வெளியே, குழாய்க்குள்.
மிஸ்ஸி ரொஹானா ஓடி வந்து
பஸ்ஸை நிறுத்துகிறவள்போல் கையை ஆட்டுகிறாள்.
"சாரி ஆ, சாரி."
வெளிச்சம் வருகிறது, நாற்பது நிமிடத்துக்கு.

மூன்று வருடம் பார்த்துவிட்டேன்.
லிஃப்ட் பழுதுபார்த்தவன் நான்,
ஒயரைக் கண்டால் கை சும்மா இருக்காது.
இப்போது ஒரு கை சும்மா இருந்தே தீர வேண்டும்.

ஊசி இல்லாத ஒரு புதன்கிழமை
புடு, ஜாலான் பாசார்.
ஆ கியோங் கடையில் சுவர் முழுக்கச் சின்ன இழுப்பறைகள்.
"என்ன செய்யப் போற?"
"அசையாதவங்க அசைஞ்ச மாதிரி காட்டணும்."
அவன் சிரிக்கவில்லை.
மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
ஒவ்வொன்றாக இழுத்தான்.

மைக் வேண்டாம் என்றேன்,
எங்கள் இயந்திரங்கள் கத்துவதுபோல்
பசித்த குழந்தைகூடக் கத்தாது.
இரண்டு கண் வைத்த தூரமானி?
குளிருக்குப் போர்த்திய கம்பளி
எதிரொலியை விழுங்கிவிடும்.
தொடு தகடு அழகாய் இருந்தது.
விரல் பட்டாலே போதும்,
வாங்கியும் விட்டேன்.
வீட்டில் ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தால்
துணியையும் ஆள் என்றது.
இருக்கிறவனை இல்லை என்பது மோசமா,
இல்லாதவனை இருக்கிறான் என்பது மோசமா என்று
அளந்து குடிக்கும் அரைக் கோப்பைத் தேநீர்
ஆறும்வரை யோசித்தேன்.
பொத்தான் எல்லாரும் சொல்வதுதான்.
கோகிலவாணியின் விரல்கள்
மூன்றாம் மணியில் தாமாக மடங்கிக்கொள்ளும்.
அழுத்து என்று அவளிடம் எந்த வாயால் சொல்வது?

அந்தச் சனிக்கிழமை நான் தூங்கவில்லை.
இந்த அறையில் இன்னும் எது அசைகிறது
என்று பார்த்துக்கொண்டே கிடந்தேன்.
போர்வை விளிம்பில் பதினைந்து பாதங்கள்.
(புஷ்பநாதனுக்கு ஒன்று.)
டிவியில் யாரோ சமைத்துக்கொண்டிருக்க
பெருவிரல்கள் எதற்கோ தாளம் போட்டன.

மறு புதன். ஐம்பது சென் பித்தளை வட்டு,
வாழ்த்து அட்டைக்குள் பாட்டுப் பாடுமே, அது.
பாடத் தெரிந்ததற்குக் கேட்கவும் தெரியும்.
தட்டினால் துளி மின்சாரம் தானே ஈனும்.
அழுத்திக்கொண்டே இருந்தால் மறந்துவிடும்,
மாறினால்தான் அதற்குச் சேதி.

பலகையில் ஒட்டுவதற்கு முன்
இடக்கையில் வைத்துப் பார்த்தேன்,
அறுத்து இணைத்த நாளம்
பூனைபோல் உறுமும் இடத்தில்.
திரையில் எண்கள்.
நாற்பது, நாற்பத்தேழு, நாற்பத்தொன்று.
அவற்றை வைத்து என்ன செய்வதென்று தெரியாமல்
ஒரு மணிவரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பேட்டரியில ஓடணும்.
மெஷினுக்கும் உன் ஒயருக்கும்
ஒட்டும் கூடாது, உறவும் கூடாது" என்றாள் மிஸ்ஸி,
அவள் மலாயில் சொன்னதன் சாரம் இது.
எழுதிக்கொடுத்தேன்.
எட்டுக் கால்பலகைகளில் எட்டு வட்டுகள்.
பம்பு சுற்றும் நடுக்கம் அறுபது,
பெருவிரல் தட்டு ஐந்நூறு.
இருநூறில் கோடு போட்டேன்,
புஷ்பநாதனுக்கு மட்டும் நூற்றிருபதில்.
வெள்ளை மொட்டின் முன்னால் ஒரு காகிதக் கை,
உள்ளே சுடும் குட்டி பல்பு.
யார் தட்டினாலும் அது
மிஸ்ஸியைப்போல் ஆடும்.

சனிக்கிழமை. பத்து இருபது.
அணைந்தது.
யாரும் தட்டவில்லை.
டிவியின் நீலம், பம்புகளின் அரைச்சல்,
கீழே ரொட்டிக் கடையில் தட்டு கழுவும் சத்தம்.
மிஸ்ஸி வாசலில் வந்து நின்று
கையைத் தூக்கி, யோசித்து, இறக்கிக்கொண்டாள்.
எங்கள் காலடியில் கிடந்த வெளிச்சத்தை
கொஞ்ச நேரம் வரவிடாமல் வைத்திருந்தோம்.
கோகிலவாணி சிரிப்பை அடக்குவது கேட்டது.

பிறகு, ஒற்றைக் காலால்,
புஷ்பநாதன்.