மறை ஒன்று

அறிவியல்நகர். திங்கள் காலை எட்டு மணி.
லாப்பில் முப்பத்திரண்டு கணினி, ஓடுவது இருபத்தாறு.
நானும் இசுரியும் ஒன்றைப் பங்குபோட்டோம்.
அவளுக்குத் தமிழ் ‘சாப்பாடு’ வரைக்கும்
எனக்குச் சிங்களம் பஸ் காசு வரைக்கும்.
மிச்சத்துக்கு அரைப்புள்ளி போதும்.

திரையில் நேரியல் தேடல்.
முதல் பெட்டியைத் திற. இதுவா? இல்லை.
அடுத்தது. இதுவா? இல்லை.
தயாபரி மிஸ் கையைத் தட்டிக்கொண்டு சொன்னா:
“சோம்பேறியளின்ரை வழி இது.
மூளை உள்ளவை நடுவில திறப்பினம்,
பாதியை எறிவினம், மிச்சத்திலயும் பாதியை எறிவினம்.
பத்து லட்சம் பெட்டி எண்டாலும் இருபது தரம் காணும்.”

வகுப்பு சிரித்தது.
நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். எட்டு இருபது.
இந்நேரம் முகமாலையில் அம்மா
இரண்டாம் சுற்றுக்கு முழந்தாளிட்டிருப்பா.
ஒரு மீற்றர் அகலப் பாதை, சிவப்புத் தலைக் குச்சிகள்.
கருவி கத்தினால் கை நிற்கும்,
கத்தாவிட்டால் ஒரு சாண் முன்னே.
ஆணி. சோடா மூடி. ஆணி.
யாருடையதோ பெல்ட் கொளுக்கி.
நாளுக்குப் பத்துச் சதுர மீற்றர், மழை பெய்தால் அதுவும் இல்லை.

அந்தக் காணியை நடுவில் திறக்க முடியாது.
வரிசைப்படுத்திய தரவில்தான் அந்த வித்தை பலிக்கும் என்று
பாடக்குறிப்பின் அடியில் சின்ன எழுத்தில் கிடந்தது.
புதைத்தவர்கள் வரிசையாகத்தான் புதைத்தார்களாம்.
பிறகு இருபது மாரி வெள்ளம்.

“மிக மோசமான நிலை எது?” மிஸ்ஸே கேட்டு மிஸ்ஸே சொன்னா:
“தேடினது கடைசிப் பெட்டியில இருக்கிறது,
இல்லாட்டி இல்லவே இல்லாமல் போறது.”
கிடைக்காவிட்டால் நிரல் மறை ஒன்றைத் திருப்பும்,
தோல்விக்கு அடையாளமாக.
எழுதிக்கொண்டேன். சோதனைக்கு வரும்.

வெள்ளி பின்னேரம் பரந்தனில் இறங்கி வீட்டுக்குப் போனால்
அம்மா முழங்காலுக்கு எண்ணெய் பூசியபடி
“இந்தக் கிழமை ஒண்டும் இல்லை” என்றா,
சம்பள நாள் முகத்தோடு.
அவவின் நிரல் மறை ஒன்றைத் திருப்பியிருக்கிறது,
அவ மீன் வாங்கியிருக்கிறா.

அவவின் மோசம் வேறு:
இருந்ததை இல்லையென்று சொல்லிக் குச்சியைப் பிடுங்கிவிட்டு வருவது,
பிறகு யாரோ அந்த இடத்தில்
தென்னம்பிள்ளைக்குக் கிடங்கு வெட்டுவது.
எங்கள் புத்தகத்தில் அதற்குக் குறியீடு இல்லை.

“இனி முந்நூறு மீற்றர்தான் மிச்சம்” என்றா, முள் எடுத்தபடி.
முடிந்தால் நல்லது.
முடிந்தால் வேலையும் முடியும்.
என் விடுதிக் காசு, மூன்றாம் வருஷம் எல்லாம்
அந்த முந்நூறு மீற்றருக்குள்தான் கிடக்கிறது.
நாங்கள் அதைப்பற்றிக் கதைக்கவில்லை.
குழம்பு நல்ல உறைப்பு.

திங்கள் விடிய, பஸ் கந்தசாமி கோயிலடியில் நின்றது.
கொட்டகைக்குள் அதே பெண்கள், அதே படங்கள்,
பலகையில் நாட்கணக்கு மட்டும் கூடியிருந்தது.
எத்தனை கந்தோர் அவர்களிடம் மறை ஒன்றை நீட்டியிருக்கும்,
ஒருத்தியும் கைநீட்டி வாங்கவில்லை.
‘மறை’ என்றால் ஒளித்துவை என்றும் பொருள்;
கணித ரீச்சர் அதைச் சொல்லித் தரவில்லை.
ஒரு ஆள் ஏறினார். பஸ் எடுத்தது.

லாப்பில் எங்கள் நிரல் பத்துச் சோதனையிலும் தேறியது.
“ஹரி” என்றாள் இசுரி, பையை எடுத்தாள்.
ஹரி, சரி. எந்த மொழியிலும் சரிதான்.
எனக்கு மட்டும் கை வரவில்லை மூட.
பதினோராவதாக ஒன்று கொடுத்துப் பார்த்தேன்:
தேடுவதைக் கடைசிப் பெட்டியில் வைத்தேன்.

இல்லை, என்றது.

சுற்று ஒரு படி முன்னே நின்றுவிடுகிறது.
கடைசிப் பெட்டியைத் திறக்காமலே
இவ்வளவு நேரமும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.
இசுரி பையை மெதுவாக நிலத்தில் வைத்தாள்.
வரியில் கழித்திருந்த அந்த ஒன்றை அழித்தேன்.
மறுபடி, முதல் பெட்டியிலிருந்து.