ஆய்தல்

தார்த்துவில் என் ஆய்வேட்டை ஒப்புக்கொண்ட மறுவாரமே
உறைபெட்டியைக் காலி செய்யச் சொன்னார்கள்.
செப்டம்பர் கடைசி வரை தவணை.
மூன்று வருடம் என் பெயர் ஒட்டியிருந்த தட்டில்
ஒரு மீட்டர் நீளச் சதுப்புமண்,
கறுப்பு ரொட்டியின் நிறத்தில்.
ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் வளர்ந்த மண் அது.
அடி நுனியில்
ஆயிரம் வருடத்துக்கு முந்தைய மழை.
எனக்கோ அடுத்த மாதச் சம்பளம் இல்லை.

இந்த மண்ணில்
ஓடு சுமந்த அமீபாக்களை எண்ணியவள் நான்.
ஒரு கண்ணாடித் தகட்டில் நூற்றைம்பது.
எண்ணி எண்ணி
எந்த வருடம் ஈரம், எந்த வருடம் வறட்சி என்று
சொல்லத் தெரியும்.
வேறென்ன தெரியும் என்று
விண்ணப்பப் படிவங்கள் கேட்டபோதுதான்
பேனாவைக் கடித்தேன்.

அமைச்சகத்தில் ஊஸ்தாலு அம்மையார்
என் இருநூற்றுப் பதினான்கு பக்கங்களை
மேசைமேல் வைத்தார், திறக்கவில்லை.
"எங்களுக்கு ஒரு பக்கம் போதும்.
காரில் ஏறி இறங்குவதற்குள்
அமைச்சர் படித்து முடிக்க வேண்டும்."
குரலில் ஏளனம் இல்லை.
அந்த ஒரு பக்கத்தை எழுத
அவருக்கு ஆறு மாதம் ஆகுமாம்.

மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தில்
நுண்ணோக்கி முன் உட்கார வைத்தார்கள்.
எண்ணினேன். வேகமாகத்தான் எண்ணினேன்.
"இதில் தப்பினால்
யாரோ ஒருவருக்குத் தூக்கம் போகும்" என்றான்
பக்கத்து நாற்காலி இளைஞன்.
ஆயிரம் வருடத்து அமீபாவை
நான் தப்பாக எண்ணிய இரவுகளில்
நன்றாகத்தான் தூங்கியிருக்கிறேன்.

தாலினில் ஒரு புது நிறுவனம்
பாசியிலிருந்து செருப்பு செய்யப் பார்க்கிறது.
மூன்று பேர், ஒரு காப்பி இயந்திரம், ஒரு நாய்.
எப்போது முடியும் என்பது மட்டுமே கேள்வி.
நாய்க்கு என்னைப் பிடித்திருந்தது.

பல்கலைக்கழகமும் கைவிட்டுவிடவில்லை:
பதினோரு மாத ஒப்பந்தம்,
பன்னிரண்டாம் மாதத்துக்கு நம்பிக்கை.
தாவெட் நான்காம் முறையாகக் கையெழுத்திட்டான்.
நான் பொறாமைப்பட்ட வெளிச்சம்
இன்னும் அவன் கண்ணில் இருக்கிறது.
வாடகை பாக்கியும் இருக்கிறது.

பிறகு வீவி அழைத்தாள்.
எங்களை விட்டுக் கரிமண் கம்பெனிக்குப் போனவள்.
சதுப்பைச் சுரண்டி மூட்டை கட்டி
ஹாலந்துத் தக்காளிக்கு அனுப்புகிற கம்பெனி.
விலை போய்விட்டாள் என்று
அன்று மதியச் சாப்பாட்டில் பேசினார்கள்.
பேசினோம். நானும்தான்.

தகரக் கொட்டகை வாசலில்
ரப்பர் பூட்ஸோடு நின்றாள்.
உள்ளே ஓர் இரும்பு பீரோ.
நாற்பத்தொரு வருடம், வாரம் தவறாமல்,
வடிகாலில் தண்ணீர் எந்த உயரத்தில் நின்றதென்று
யார் யாரோ பென்சிலில் எழுதிய நோட்டுகள்.
சிலவற்றில் தேநீர்க் கறை,
ஒன்றில் நசுங்கிய கொசு.

என் நான்காம் அதிகாரத்தில்
"தரவு கிடைக்கவில்லை" என்று எழுதியிருந்தேன்.
மூன்று தேர்வாளர்களும் தலையாட்டியிருந்தார்கள்.
கிடைக்காமல் இல்லை.
பேருந்தில் நாற்பது நிமிடம்.
நான் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

"சுரண்டிய இடத்தில் பாசியைத் திரும்ப வளர்க்கணும்.
உரிமத்திலேயே எழுதிவிட்டார்கள்.
எவ்வளவு தண்ணீர் நிறுத்துவதென்று
இங்கே ஒருத்தருக்கும் தெரியவில்லை" என்றாள்.
"உன் அமீபாக்களுக்குத் தெரியும்."

நான் பதில் சொல்லவில்லை.
பேருந்துக்கு நேரம் இருந்தது.
யந்திரம் தொடாத ஓரத்தில்
கிரான்பெரி சிவந்து கிடந்தது.
முழங்கால் நனையக் குனிந்து பறித்தோம்.
அவளுடைய தலைக்கவசத்தில் கொட்டி
மடியில் வைத்து ஆய்ந்தோம்:
இலை வெளியே, சருகு வெளியே,
புழு அதன் வழியே,
வெளுத்த காய் தனியாக.
வீவியின் விரல் என் விரலைவிட வேகம்.
இரண்டும் பழகியது ஒரே மேசையில்.

தொலைவில் பேருந்தின் விளக்கு தெரிந்தது.
"இங்கே உறைபெட்டி இருக்கிறதா?" என்று கேட்டேன்.
"காவலர் மீன் வைக்கிற பெட்டி ஒன்று இருக்கிறது."
எழுந்து, கால்சட்டையைத் தட்டிவிட்டு,
நீளம் எவ்வளவு என்று கேட்டேன்.