மறுதொடக்கத்துக்கு முன்

தை மாதம், இரவு மூன்றே கால்.
கோத்தகிரி மார்க்கெட்டுக்கு மேலே வாடகை அறை.
ஹீட்டரில் ஒற்றைக் கம்பிதான் சிவக்கிறது,
லேப்டாப்பின் வயிறு அதைவிடச் சூடு.
கையுறையின் விரல்நுனிகளைக் கத்தரித்துவிட்டேன்
தட்டச்சு செய்ய.

சர்வர் மும்பையில் எங்கேயோ.
அதை மேகம் என்கிறார்கள்.
நான் சொல்வதில்லை. இந்த ஊரில் மேகம் என்றால்
கொடியில் போட்ட துணி நாலு நாளாகக் காயாது.

காலை ஆறரைக்குக் கட்டபெட்டில் முதல் இலைவண்டி.
அதற்குள் எடைக்கணக்கு சர்வீஸ்
உள்ளே இறங்கி, எழுந்து நின்று, மூச்சுவிட வேண்டும்.

கறுப்புத் திரையில் ஏவல் வினைகள் மட்டும்.
நிறுவு. தொடங்கு. நிறுத்து. நிலை சொல்.
மரியாதைப் பன்மை இல்லாத பாஷை.
எங்கள் கோபிச்செட்டிபாளையத்து வீட்டில்
பூனையைக்கூட ‘வாங்க’ என்பார் அப்பா.

நிறுவு என்றேன். நிறுவியது.
தொடங்கு என்றேன்.
தொடங்கி, விழுந்து, தொடங்கி, விழுந்து,
ஐந்தாம் முறைக்குப் பின் சிவப்பில் ஒரு வரி:
போர்ட் ஏற்கெனவே பயன்பாட்டில்.

யார் கையில்?
போஜன் என்ற பயனர். எனக்கு முன் இந்த வேலையில் இருந்தவர்,
பார்த்ததில்லை, இப்போது ஹாலிஃபாக்ஸில் என்று கேள்வி.
சர்வீஸின் பெயர்: குளிர்.
விளக்கம் என்ற இடத்தில் ஒன்றுமில்லை.
ஓடத் தொடங்கி ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று நாள்.

நிறுத்து என்று அடித்துவிட்டேன்.
என்டர் மட்டும் பாக்கி.
சில்லறைக்குக் கை நீட்டி நிற்கும் கண்டக்டர் மாதிரி
கர்சர் நிற்கிறது.

எதற்கும் இருக்கட்டும் என்று
பதிவேட்டின் கடைசி வரிகளைக் கேட்டேன்.

2.41, கேத்தி ஓடை, நான்கு டிகிரி.
2.51, மூன்று.
3.01, ஒன்றரை. செய்தி அனுப்பப்பட்டது.
ஒரே ஓர் எண்ணுக்கு.

அந்த எண்ணை அழைத்தேன், மணி பார்க்காமல்.
முதல் ரிங்கிலேயே எடுத்தார்.
‘இன்னும் எறங்குதுங்களா?’
பின்னால் மோட்டார் சத்தம்,
இலைமேல் தண்ணீர் சடசடக்கும் சத்தம்.
ஆல்துரை, கேத்தி, ஒன்றேகால் ஏக்கர் கேரட்.
‘மெசேஜ் வந்தா ஸ்பிரிங்க்ளர் போடுவேன்,
மத்த மூணு தோட்டத்துக்கும் ஓடிக் கதவத் தட்டுவேன்.
போஜன் வெச்சுக் குடுத்தது, காசு வாங்கல.
நீங்க யாருங்க?’

நிறுத்த இருந்தவள் என்றா சொல்வது?
‘கம்பெனியிலிருந்து’ என்றேன். ‘சும்மா, சரிபார்க்க.’
‘சரிங்க, கை விறைக்குது’ என்று வைத்துவிட்டார்.

பிறகுதான் இன்னொன்று கண்ணில் பட்டது.
போஜன் அதைத் தொடங்கியிருக்கிறார், அவ்வளவே.
தொடங்கு என்பது இந்த ஒரு பிறவிக்கு.
சர்வர் அணைந்து எழும்போது
கூடவே நீயும் எழு என்பதற்கு வேறொரு சொல் உண்டு.
அதை அவர் அடிக்கவே இல்லை.
மறந்தாரோ, அந்த ஒரு பனிக்காலத்துக்குப் போதும் என்றிருந்தாரோ.
நாலு மணிக்கு மறுதொடக்கம் என்று
என் வேலைத்தாளில், என் கையெழுத்தில்.

எடைக்கணக்குக்கு வேறு போர்ட் கொடுத்தேன்.
பச்சையாக எழுந்தது.
குளிருக்கு அந்த இன்னொரு சொல்.
அப்புறம் மறுதொடக்கம்.

நாற்பத்தெட்டு விநாடி
கேத்தி ஓடையை யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.
உரக்க எண்ணினேன்.
கீழ்க்கடைக்காரர் கேட்டிருந்தால் என்ன நினைத்திருப்பாரோ.

4.01, அரை டிகிரி. செய்தி அனுப்பப்பட்டது.

விளக்கம் என்ற வெற்றிடத்தில் எழுதினேன்:
நாலு பேர் கேரட் போட்டிருக்கிறார்கள்.
தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.
அந்தத் திரையில் நான் எழுதிய முதல் பன்மை.

ஆறு முப்பத்தைந்துக்குக் கட்டபெட்டிலிருந்து போன்.
எடை வருகிறதாம், கிராம் மட்டும் காட்டவில்லையாம்.
பார்க்கிறேங்க, என்றேன்.