ஹாமில்டனில் ஒரு முற்றுகை

மைனஸ் இருபத்திரண்டு. கோட்டையில் குழாய் வெடித்துவிட்டது.

கோட்டை என்றால்
1912இல் ஒரு சோப்பு முதலாளி கட்டிய வீடு.
ஸ்காட்லாந்துக்குத் தேனிலவு போய்வந்தவன்
அங்கே கண்ட கோபுரங்களைக்
காற்றில் விரலால் வரைந்து காட்டினானாம் கொத்தனாருக்கு.
அம்பெய்யும் பிளவுகள் உண்டு,
எல்லாவற்றுக்கும் இரட்டைக் கண்ணாடி.
இப்போது சனிக்கிழமைகளில் கல்யாணம்.

நான் நிலவறையில், கணுக்கால் தண்ணீரில்.
அடெலினோ ஏணியில், ஊறிய சுவரைத் தட்டிக்கொண்டு.
கல் பொய் சொன்னால் அவன் காதுக்குக் கேட்கும்.
“இது கல்லே இல்லை, தர்மினி.
இரண்டு அங்குலத் தோல். உள்ளே செங்கல்.”

போர்ச்சுகலில் அவன் ஊரில் நிஜக் கோட்டை இருக்கிறதாம்.
கூரை கிடையாது, டிக்கெட் உண்டு.
கழிவறை என்பது மதிலுக்கு வெளியே நீட்டிய பெட்டி,
அடியில் ஓர் ஓட்டை.
விழுவதெல்லாம் அகழிக்கு;
பகைவன் நீந்த வேண்டியதும் அதில்தான்.
“ராஜாக்கள் மாளிகைக்குக் குடிபோனது
நாற்றம் தாங்காமல்” என்றான்.
பீரங்கி வந்ததால் என்று எங்கோ வாசித்திருந்தேன்.
ஆனால் குழாய்க்காரி நான்,
அவன் சொன்னதையே நம்பினேன்.

மத்தியானம், ஆறிப்போன கொதிகலனில் முதுகு சாய்த்து,
“யாழ்ப்பாணத்திலும் ஒன்று இருக்கிறது” என்றேன்.
“யார் கட்டினது?”
“நீங்கள்.”

மென்றுகொண்டிருந்தவன் நிறுத்தினான்.

“பிறகு ஒல்லாந்தர் பிடித்து ஐந்து மூலையாக்கினார்கள்.
பிறகு இங்கிலீஷ்காரன். பிறகு…”

அந்தக் கடைசிப் பிறகை நான் சொல்லவில்லை.
தொண்ணூறில் அம்மா அந்த மதிலைப் பார்க்கவில்லை,
அதன் சத்தத்தை மட்டும் கேட்டாள்
மூன்று மைல் தள்ளி ஒரு பதுங்குகுழியில்
என்னை வயிற்றில் வைத்துக்கொண்டு.
வளைப்பவர்க்கு உழிஞை, காப்பவர்க்கு நொச்சி,
இலக்கணம் பூவைப் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறது.
குழிக்குள் இருப்பவள் எதைச் சூடுவாள் என்று
ஒரு நூற்பாவும் இல்லை.

“சாரி” என்றான் அடெலினோ.
இந்த நாட்டில் எதற்கும் சொல்வதுதான்.
நானூறு வருஷத்துக்கா, மத்தி மீன் வாசத்துக்கா,
கேட்கவில்லை.
பாதி சாண்ட்விச்சைப் பிய்த்து நீட்டினான்,
வாங்கிக்கொண்டேன்.

நாலரைக்கு வால்வைத் திறந்தோம்.
வெந்நீர் தளம் தளமாக முனகிக்கொண்டு ஏறியது.
மேலே ஒத்திகைக்கு வந்த மணப்பெண்
தோள் போர்த்தாமல் அம்புப் பிளவில் நின்று
பனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
வெளியே குளிர்,
நாலு பக்கமும், பூச்சூடாமல்.
நாங்கள் பில் எழுதினோம்.
கல் என்ற இடத்தில்
அடெலினோ ‘தோல்’ என்று எழுதி, அடித்து,
மறுபடி கல் என்றே எழுதினான்.