சோலை வரி

கடைசி மூன்று வருடத்தில்
இரண்டு வருடமாவது அந்த வீட்டில் குடியிருந்தீர்களா
என்று கேட்டார் நொத்தாரிசு ஃபரீதா.
கேள்வி என்னுடையதல்ல, சட்டத்தினுடையது
என்றும் சொல்லிவிட்டு
பேனை மூடியைப் பல்லால் கடித்தார்.

கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி
நாலு வருடமும் மூன்று மாதமும்.
இரவுக் கடமை முடிந்து வியர்வையில் படுத்தவள்
ஹப்புத்தளை வீட்டின் பின்கதவைத் தாழிட்டேனா என்று
எழும்பி உட்கார்ந்த பகல்களை
குடியிருப்பு என்று எந்தக் கட்டத்தில் எழுதுவது?
வாடகைக்குக் கொடுத்திருந்தேன், என்றேன்.
அப்போ விலக்கு இல்லை.
மூலதன ஆதாய வரி உண்டு.

ஆதாயம்.
எட்டுப் பேர்ச்சஸ், வாங்கியது ஒன்பது லட்சம்,
விற்பது எழுபத்திரண்டு.
நடுவில் நிற்பதெல்லாம் ஆதாயமாம்.
நடுவில்தான் ஐயா
மேட்டு மண் சரிந்தது, பிறகு ரூபாய் சரிந்தது.

வீட்டுக்குச் செய்த செலவைக் கழிக்கலாம்.
பில் இருக்கிறதா?

பழைய எக்ஸ்ரே உறை ஒன்றில் போட்டுவைத்திருந்தேன்.
கூரைத் தகரம் இருபத்திரண்டு: எழுத்தில்லை, வெறும் தாள்.
எங்கள் ஊர்ப் பனி மையையும் தின்னும்.
கழிவறைக் குழாய்க்குக் கடைக்காரன் பில்லே தரவில்லை.
பின்பக்கம் மேட்டைத் தாங்கும் மதில்,
அதற்கு மட்டும்
சீமெந்து நாற்பது மூட்டை, பண்டாரவளைக் கடை,
முத்திரை ஒட்டி, கையெழுத்தோடு, கசங்காமல்.
பெயர்: பெ. லோகேந்திரன்.

உங்கள் பெயரில் இல்லையே?
அண்ணன்.
காசு உங்களுடையதென்று அவரிடம்
ஒரு சத்தியக்கடதாசி வாங்குங்கள், பார்க்கலாம்.

லோகு அண்ணனோடு ஏழு வருடமாகப் பேச்சில்லை.
கல் சுமந்தவன், மதில் கட்டியவன்,
உறுதியில் தன் பெயரையும் போடச் சொன்னான்.
நான் போடவில்லை. அவ்வளவுதான் சண்டை.
லயத்துக் காம்பராவில் ஓர் ஆணி அடிக்கவும்
ஆபீசில் கேட்டுவிட்டு வந்த குடும்பத்தில்
முதல் உறுதி அது.
அதில் இரண்டாவது பெயர் எழுத
எனக்கு இடம் போதவில்லை.

பஸ் நிலையத்தில் நின்றபடி எடுத்தேன்.
நலமா என்று அவனும் கேட்கவில்லை.
"பில்லுல எத்தன மூட்டனு போட்டிருக்கு?"
நாற்பது.
"மதிலுக்கு முப்பத்தெட்டுதான். ரெண்ட
நான் மாட்டுப்பட்டிக்கு எடுத்துக்கிட்டேன். ஒங்கிட்ட சொல்லல."
பின்னால் ரயில் ஒன்று போனது,
அவன் பக்கமா என் பக்கமா தெரியவில்லை.
"முப்பத்தெட்டுனே எழுதிக் குடு.
பொய்க் கணக்குக்கு நான் ஒப்பம் வைக்க மாட்டேன்."

ஃபரீதா சிரிக்கவில்லை. முப்பத்தெட்டு என்று எழுதினார்.
முப்பது நாளுக்குள் காட்டிவிடுங்கள் என்றார்.

வாங்குகிறவர் விஜேகோன்,
வெலிமடையில் உருளைக்கிழங்கு லொறி ஓட்டுகிறவர்.
முத்திரைத் தீர்வை அவர் தலையில், அது ஊவாவுக்கு.
கிளிநொச்சியில் நான் காணி எடுக்கும்போது
என் தலையில் ஒன்று, அது வடக்குக்கு.
ஒரு மாகாணத்தின் படி இறங்கி
இன்னொன்றின் படி ஏறும்போது
செருப்பை விடுவதுபோல்
அங்கங்கே கொஞ்சம் விட்டுப் போக வேண்டியிருக்கிறது.

ஒப்பம் வைத்த நாள் மே பதினாறு.
அண்ணன் வந்திருந்தான், சாட்சியாக.
மதில் கல்லைத் தட்டிப் பார்த்துவிட்டு
விஜேகோனுக்குச் சிங்களத்தில் ஏதோ சொன்னான்,
தண்ணீர் வெளியேறும் ஓட்டைகளை அடைக்க வேண்டாமென்று.

பிறகுதான் ஞாபகம் வந்தது, சோலை வரி.
எந்தச் சோலையுமில்லை,
சந்தில் ஒரு கொய்யா மட்டும்.
ஜனவரியிலேயே கட்டினால் பத்து வீதம் கழிவென்று
முழு வருடத்துக்கும் கட்டியிருந்தேன்.
மீதியைத் திருப்பிக் கேளுங்கள் என்றார் ஃபரீதா.
விஜேகோன் சட்டைப் பையில் கையை விட்டார்.

இருக்கட்டும், என்றேன்.
டிசம்பர் முப்பத்தொன்று வரைக்கும்
அந்தக் கொய்யாவுக்குக் காசு கட்டியவள் நான்.